துப்பாக்கிக்கு எண்ணெய்க் குளியல்

எங்கள் தோட்டத்தில் கிறீச்சிடும் உரிமை எந்தப் பொருளுக்கும் கிடையாது. கதவோ, தையல் மெஷினோ, கங்காணியின் புதுச் செருப்போ, எது முனகினாலும் எண்ணெய்க் குப்பியோடு ஒருவர் வந்து நிற்பார். தேயிலை ஃபேக்டரி இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுவது அவர் வேலை, மற்றதெல்லாம் வெறி. வறட்டு இருமல் இருமியவனிடம்கூட, "வாயத் தெறடா" என்று குப்பியை நீட்டியவர். தோட்டமே அவரை எண்ணெய்ச்சட்டி என்றது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு, கவ்வாத்துக் கத்தி முதல் லாரி வரை ஃபேக்டரி வாசலில் பொட்டு வைத்துக்கொண்டன. தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் பங்களாவில் என் அப்பாதான் சமையல், தொரை வாயில் 'அப்பு'. துப்பாக்கியும் ஆயுதம்தானே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தொரை காக்கை சுடும் காற்றுத்துப்பாக்கியை, மேலே பூட்டிய தூரக்கண்ணாடியோடு சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார். கண்ணாடியில் மட்டும் சந்தனம் படக்கூடாது என்று சொல்லியனுப்பினேன். ஹட்டனில் இங்கிலீஷ் படிப்பவள், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் எண்ணெய்ச்சட்டியை யார் நினைத்தார்கள்?

மறுநாள் காலை அப்பா அதைச் சும்மா சுட்டுப் பார்த்தார். 'டப்' என்று அடங்கிப் பேசும் துப்பாக்கி, மலையே அதிர வெடித்தது. குழாயில் நீலப்புகை. பங்களாவைச் சுற்றி முறுக்கு சுட்ட வாசனை.

தகவல் போய், எண்ணெய்ச்சட்டி ஓடி வந்தார்.

"அண்ணே, என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"தீவாளிக்கு நம்ம தலைக்கு நல்லெண்ண வைக்கிறோம்ல? அதையே அதுக்கும் வச்சேன். உள்ள ஒரு ஓட்டை இருந்துச்சு. ஊத்த ஊத்தக் குடிச்சிச்சு, பாவம்."

அப்பா சிரிக்கவில்லை. முந்தின நாளே வெளியே போயிருந்த எங்கள் தொரை, அன்று சாயங்காலம் டிக்கோயாப் பக்கத்துத் தொரையோடு திரும்பி வருகிறார். இருவரும் போட்டிக்குச் சுடப் போகிறார்கள். ஒரு பீங்கான் கோப்பை உடைந்ததற்கே முந்திய சமையல்காரருக்குப் பத்துச்சீட்டு கொடுத்து, குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு அனுப்பியவர் எங்கள் தொரை. அப்பாவுக்கும் அந்தச் சீட்டு வந்தால் நாங்கள் குடியிருக்கும் லயத்து அறை போகும். என் படிப்பும் போகும்.

பிஸ்கட் டின் மூடியை வேலியில் மாட்டிச் சுட்டோம். கண்ணாடிக்குள் குறுக்குக்கோடு மூடியின் நடுவில் நின்றது. குண்டு கொய்யா மரத்தில் பதிந்தது.

துப்பாக்கிப் பெட்டியிலிருந்த இங்கிலீஷ் விளக்கத்தாளை நான் வாசித்தேன். உள்ளே எண்ணெய் போனால் பற்றி வெடிக்கும். இதன் சுருள்வில் பின்னாலும் முன்னாலும் உதைக்கும். அந்த உதையில் கண்ணாடியின் பிடி நழுவும். பார்த்தால் அப்படியே, பிடி நகத்தளவு பின்னால் வந்திருந்தது. எண்ணெய்ச்சட்டி அதைப் பழைய தடத்துக்குத் தள்ளித் திருகாணிகளை முடுக்கினார். குழாயைத் துணி விட்டுத் துடைத்தார். மிச்ச எண்ணெய் எரிந்து தீரும்வரை சுட்டார். ஒவ்வொரு வெடிக்கும் மூவரும் ரோட்டைப் பார்த்தோம். குண்டு டப்பா இலேசாகிக்கொண்டே வந்தது.

வெடி அடங்கியது. ஆனால் கண்ணாடியின் குமிழை முடிந்தமட்டும் திருகியும் குண்டு மூடிக்குக் கீழேயே போனது.

"பின்பக்கத்தக் கொஞ்சம் தூக்கணுமாம் மாமா" என்றேன்.

தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளை மடித்துப் பின்பிடிக்கு அடியில் செருகினார். அப்புறமும் குண்டுகள் ஆளுக்கொரு திசையில் போயின. அவர் பிடித்த பிடி அப்படி. மாட்டின் கொம்பைப் பிடிப்பதுபோல.

"இறுக்கக் கூடாதாம் மாமா. கையில சும்மா படுக்க வைக்கணுமாம்."

"தாலாட்டும் பாடணுமான்னு பாரு புள்ள, வெள்ளக்காரன் எழுதியிருப்பான்."

முறைத்துக்கொண்டேதான் படுக்க வைத்தார். மூடியின் நடுவில் 'டங்'. அதே நேரம் கீழ் வளைவில் ஜீப் சத்தம்.

தொரைகள் இறங்கினார்கள். எங்கள் தொரை துப்பாக்கியை எடுத்தார். மூக்கு விரிந்தது.

"அப்பு! என்ன வாசம் இது?"

அப்பா தேநீர்த் தட்டை டிக்கோயாத் தொரையிடம் நீட்டினார்.

"நம்ம தலைங்க தொரை!"

திரும்பினேன். முழுக் குப்பியையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு எண்ணெய்ச்சட்டி நின்றார். காது நுனிகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒடம்பு சூடுங்க தொரை."

"தூரம் போ! தூரம்!"

ஓர் அடி மட்டும் நகர்ந்தார். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, தன் வாசம் தொரைமேல் போகும்படி அந்தப் பக்கமாக நின்றுகொண்டார்.

தொரை குறி பார்த்தார். குழாயிலிருந்து நூலளவு புகை வந்தாலும் தீர்ந்தது.

டங்.

புகை இல்லை. மூடி வேலியில் ஆடியது. தொரை அன்று ஜெயித்தார். அப்பாவுக்கு ஒரு சிகரெட் கிடைத்தது. எண்ணெய்ச்சட்டிக்கு, பங்களாப் பக்கமே வரக்கூடாது என்ற உத்தரவு கிடைத்தது.

அவர் இப்போது பட்டிப்பொலப் பக்கம் தோட்டம் மாறிப் போய்விட்டார். நான் படித்து முடித்து டீச்சராகிவிட்டேன். என் வகுப்பறைக் கதவு கிறீச்சிடுகிறது. சரி பண்ணித் தரட்டுமா என்று பலர் கேட்டாயிற்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தச் சத்தம் அவர் காதில் விழாமலா போய்விடும்?