மாலை போட்ட படத்தின் சொந்தக்காரி

பயந்து நடுங்கிய கதையைச் சொல்லும்போது எல்லோரும் கொஞ்சம் வீரம் கலந்துதான் சொல்வார்கள். என்னிடம் கலக்க வீரம் இல்லை. பட்டப்பகலில், முப்பது பேர் பார்த்திருக்க, மேசைக்கு அடியில் புகுந்தவள் நான்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. சுவிஸில், லூட்சேர்ன் நகரத்து உயர்பள்ளியில் கடைசி வருடம். இறுதி ஆய்வை எழுதி, எல்லோர் முன்னும் பேசிக் காட்ட வேண்டும். அதில் தவறினால் பல்கலைக்கழகம் இல்லை (பிள்ளை கம்பசுக்குப் போகப்போறாள் என்று நாங்கள் இருந்த எம்மன்புரூக்கேயில் பாதிச் சனத்துக்கு அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்). நான் எடுத்துக்கொண்டது, நாவல் எழுதிய முதல் ஜெர்மன் பெண்களில் ஒருவரை. பெயரைச் சொல்ல மாட்டேன். அவரிடம் எனக்கு இன்னும் பயம். அவருடைய முதல் நாவல் பெயரில்லாமல் வெளிவந்தது. முன்னுரை எழுதிய ஆண் நண்பர்தான் முழுவதையும் எழுதினார் என்று பலர் நம்பினார்கள். உண்மை தெரிந்ததும் புகழ்ந்தார்கள், பிறகு அழுகைக் கதை என்று சிரித்தார்கள், பிறகு மறந்தே போனார்கள்.

அவருக்கு ஒரு படம் தேடினேன். சிறிய அருங்காட்சியகம் ஒன்றின் இணையப் பக்கத்தில் கிடைத்தது: வெள்ளைத் தொப்பி, கழுத்துவரை மூடிய சட்டை, நம்மையே பின்தொடரும் கண்கள். கறுப்பு வெள்ளையாக்கி ஆள் உயரத்துக்கு அச்சடித்தேன். (கமரா வருவதற்கு முன்பே இறந்தவருக்குப் புகைப்படம் எப்படி வந்தது என்ற கேள்வி என் மூளைக்கு வரவில்லை.)

அம்மா அதோடு விடவில்லை. “செத்த மனிசியைப் பற்றிக் கதைக்கப்போறாய். ஒரு மாலைகூட இல்லாமலோ, பிள்ளை?” பிளாஸ்டிக் மல்லிகை மாலையும் சந்தனப் பொட்டும் ஏறின. பள்ளியில் நெருப்புக் கூடாதென்பதால் பற்றரி விளக்கு வைத்தோம்.

பேச வேண்டிய அன்று ஜன்னலுக்கு வெளியே ஒரே பனிமூட்டம்; எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை. விளக்கு காரணமில்லாமல் மங்கி மங்கி எரிந்தது. பேசப் பேச, முதுகில் யாரோ கண் வைத்திருப்பதுபோல எனக்கு மேல் கூசியது. எப்படியோ கடைசி வரிக்கு வந்தேன். “இத்தனை காலம் மறக்கப்பட்டிருந்தவர், இதோ இன்று நம் முன்னால் நிற்கிறார்.”

கதவு திறந்தது. அதே தொப்பி. அதே சட்டை. அதே கண்கள் முதலில் படத்தைப் பார்த்தன, பிறகு என்னைப் பார்த்தன. விளக்கு அணைந்தது. பின்வரிசையில் அம்மா “முருகா” என்றார். நான் மேசைக்கு அடியில் இருந்தேன்.

ஜெர்மன் ஆசிரியைதான் என்னை வெளியே இழுத்து விஷயத்தைச் சொன்னார். வந்தவர், அந்த நாவலாசிரியரைப் போல உடுத்து அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டுகிறவர். என்னை மகிழ்விக்க ஆசிரியையே அவரை அழைத்தாராம். நான் அச்சடித்தது அவருடைய படம்.

வந்தவர் மாலையைத் தொட்டுப் பார்த்து, “இது எதற்கு?” என்றார். அம்மா தன் டொச்சில் (ஜெர்மன்தான்) உண்மையைச் சொன்னார். “செத்த ஆக்களுக்குப் போடுறது.”

அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். “அவருடைய புத்தகத்தை ஓர் ஆணுக்குக் கொடுத்தார்கள். முகமாவது மிஞ்சியிருந்தது. அதை நீ எனக்குக் கொடுத்துவிட்டாய்.” வெட்கத்தில் அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது (மாலையும் தயாராக இருந்தது). ஆய்வுக்கு ஆறில் நான்கு புள்ளி தந்தார்கள். அதற்குக் கீழே என்றால் தோல்வி.

போகும்போது அவர் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாலையை அம்மாவிடம் கொடுத்து, “வைத்திருங்கள், தேவைப்படும்போது சொல்கிறேன்” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் ஓர் அட்டை வரும். அதில் இரண்டே சொற்கள்: ‘இன்னும் வேண்டாம்.’ எங்கள் வீட்டில் சாப்பாடு போடவா என்று கேட்டாலும் இப்போது இதுதான் பதில்.

இந்த வருடம் அட்டை மூன்று கிழமை பிந்தியது. அம்மா தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தார். கடைசியில் வந்ததும் வாசித்துவிட்டு, கதிரையில் இருந்தபடியே அழுதார். “மனிசி எங்களைப் பயப்படுத்திப்போட்டுது” என்று சொல்லிக்கொண்டே மாலையைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்தார். அதை எப்போது வெளியே எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.