தூக்கத்துக்கு என்ன நிறம்?

மணி இரண்டு ஆனதும் ஏசி ஒரு தடவை இருமிவிட்டு நின்றது.

அபூ நிஹாத் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் விழித்துக்கொண்டது உறுதியாகிவிடும். மூடியபடியே நூறு வரை எண்ணப் பார்த்தார். அறுபதில் தலையணை வெந்நீர் ஒத்தடமாக மாறியது. எண்பதில் மீசையிலிருந்து வியர்வை சொட்டியது. தொண்ணூறில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ராவில், ஜூலை மாதத்தில், மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருப்பவனை அப்படியே நரகத்துக்கு அனுப்பினால், போய்ச் சேர்ந்ததும் போர்வை கேட்பான்.

அந்த மாடியறையை அவர் கட்டியதே மதியத் தூக்கத்துக்காகத்தான். துறைமுக வாசலில் அனுமதிச் சீட்டு எழுதுகிற வேலை. விடிகாலை மூன்றரைக்கு எழுந்தால்தான் வண்டியைப் பிடிக்கலாம். பகல் ஒரு மணிக்கு வீடு திரும்பி, சோறு தின்று, இரண்டு மணி நேரம் கட்டையைச் சாய்த்தால்தான் மனுஷன். கீழ் வீட்டில் நிஹாத் முதலாக நாலு பிள்ளைகள், சத்தத்தில் அவர்களை மிஞ்சுகிற ஒரு தையல் இயந்திரம். ஆகவே மொட்டை மாடியில் நாலு சுவர் எழுப்பி மேலே தகரம் போட்டார். முதல் இரண்டு நாள் ராஜா மாதிரித் தூங்கினார். மூன்றாம் நாள் ஜெனரேட்டரில் ஏதோ கோளாறு என்றார்கள். வருஷம் மூன்று ஆகிறது. கோளாறு இன்னும் தீரவில்லை.

கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, தெருமுனைக் கொட்டகையைப் பார்த்துக் கத்தினார்.

"ஷன்ஷூல்! இன்னிக்கு என்னப்பா?"

அரசாங்க மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். தெருவுக்கு மிச்ச நேரமெல்லாம் உயிர் கொடுப்பது அந்தக் கொட்டகை ஜெனரேட்டர். வீட்டுக்கு ஒரு சுவிட்ச் என்று பலகையில் வரிசையாகப் பொருத்தி வைத்துக்கொண்டு, அதன் முன்னால் தொப்பையோடு உட்கார்ந்திருப்பவன் ஷன்ஷூல்.

"எண்ணெய் மாத்துறேண்ணே!"

"எஞ்சின் ஓடுற சத்தம் கேக்குதே?"

"மாத்தின எண்ணெய் சரியா இருக்கான்னு ஓட்டிப் பாக்குறேண்ணே!"

"பக்கத்து வீட்டு ஏசியில தண்ணி சொட்டுதே?"

"அது காலையில பிடிச்ச குளுமைண்ணே. இப்பத்தான் இறங்குது!"

தூக்கமில்லாதவன் எதையும் நம்புவான். நம்பிவிட்டால் பேச்சு மிச்சம்.

கீழே, எதிர்வீட்டு உம்மு ஃபவ்சி வெள்ளைத் துணி போட்டு மூடிய தட்டோடு கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஷன்ஷூலுக்கு மதியச் சோறு தினம் ஒரு வீட்டிலிருந்து போகும். தனியாள், பாவம், எஞ்சினோடு மாரடிக்கிறான் என்று தெருவுக்கு இரக்கம். இப்படி ஒரு தெருவில் குடியிருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமே என்று நினைத்து அபூ நிஹாத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வையும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

அன்றைக்குத்தான் அவருக்கு யோசனை வந்தது. ஏசியை நம்பினால்தானே ஷன்ஷூலை நம்ப வேண்டும்? கூரையே குளுமையாக இருந்துவிட்டால்?

*

கூரைத் தகடு விற்கிற ஹாஜி முஸாஹிம், அபூ நிஹாத்தின் துருப்பிடித்த கூரையின் கதையைக் கேட்டுவிட்டு இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

"துருவா? அடப்பாவி மனுஷா! துரு வெயிலைக் குடிக்கும், குடிச்சதை உங்க தலையில கக்கும். இதைப் பாருங்க. பெயின்டே அடிக்காத வெள்ளித் தகடு. சூரியன் வருவான், இதுல தன் மூஞ்சியைப் பாப்பான், வெக்கப்பட்டுத் திரும்பிப் போயிருவான்."

"நிச்சயமாத் திரும்பிப் போவானா?"

"ஹாஜி சொல்றேன்!"

வியாழக்கிழமை வெள்ளித் தகடு ஏறியது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு, பக்கத்து வீட்டு அபூ தாமிர் நாலு வெள்ளைத்தாடிப் பெரியவர்களோடு வாசலில் நின்றார்.

அபூ தாமிர் புறா பறக்கவிடுகிறவர். பொழுது முழுக்க மாடியில் நின்று, ஊரான் வீட்டு மாடிகளை நோட்டம் விடுகிற தொழில் என்பதால் புறாக்காரன் சாட்சியை நீதிமன்றம் ஏற்காது என்று அந்த ஊரில் சொல்வார்கள். அதனால் அவர் எங்கே போனாலும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போவார்.

அவர் மனைவி உம்மு நிஹாத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஐந்து பேரும் கண்ணாடிக் குவளையைத் தொடாமல், தங்களுக்கு முன்னால் தள்ளி வைத்தார்கள்.

அபூ நிஹாத்துக்கு விஷயம் புரிந்தது. கேட்டது கிடைக்கிறவரை குடிக்கமாட்டோம் என்று அர்த்தம். அப்படிக் குடிக்காமலே எழுந்து போய்விட்டால் அந்த வீட்டுக்காரன் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

"குடிங்க ஐயா, ஆறிடும்."

"ஆறட்டும்," என்றார் அபூ தாமிர். "என் புறாவுக்கு நியாயம் கிடைக்கட்டும். உங்க கூரையை ஆறுன்னு நினைச்சு அதுங்க தண்ணி குடிக்க இறங்குது. நேத்து ஒண்ணு அங்கேயே முட்டை வெச்சிருச்சு. எடுத்துப் பாத்தா, அவிஞ்ச முட்டை!"

"அவிஞ்சா?"

"உப்புப் போட்டுத் தின்னேன். சத்தியமா."

நீதிமன்றம் ஏற்காத சத்தியத்தைப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டு தலையாட்டினார்கள். பிறகு தங்களுடைய புறாக்கள், தங்களுடைய அப்பாக்களின் புறாக்கள் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். கூரையின் பளபளப்பை எடுத்துவிடுகிறேன் என்று அபூ நிஹாத் மூன்றாம் தடவையாகச் சத்தியம் செய்தபோது மணி நாலு. ஐந்து பேரும் பச்சைத் தண்ணீராக ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நல்லாத் தூங்கியெழுந்த முகத்தோடு கிளம்பிப் போனார்கள்.

பளபளத் தகடு குளுமையாகவாவது இருந்ததா என்றால் அதுவும் கிடையாது. ஹாஜி இப்போது வேறு மாதிரிப் பேசினார்.

"வெறும் உலோகம் வெயிலைத் திருப்பி அடிக்கும், சரி. ஆனா உள்ளே வந்த கொஞ்சத்தை வெளியே விடாது. கஞ்சன் பணப்பெட்டி மாதிரி."

"இதை அன்னிக்கே சொல்லக்கூடாதா ஹாஜி?"

"அன்னிக்கு நீங்க கேக்கலையே."

*

இந்தத் தடவை உம்மு நிஹாத்தும் கடைக்கு வந்தாள்.

"உங்களுக்கு நிறம் பாக்கத் தெரியாது, அபூ நிஹாத். உக்காருங்க. கண்ணு ரெண்டும் இட்டிலி மாதிரி வீங்கிக் கிடக்கு" என்று நான் இங்கே தமிழில் சொல்கிறேன், அவள் சொன்னது வேறு பலகாரம். அவர் தகட்டுக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

ஹாஜி இரண்டு கரும்பச்சைத் துண்டுகளை எடுத்துப் போட்டார். கடையில் இருந்த ஈக்குக்கூட வித்தியாசம் தெரியாது.

"ரெண்டும் ஒரே பச்சைதானே?"

"பாக்கத்தான் தங்கச்சி. இதுல இருக்கிற சாயம் கண்ணுக்குத் தெரியாத வெயிலைத் திருப்பி அனுப்பிரும். அது சாதாப் பச்சை."

"இதுல எது ஜாஸ்தியா சூடாகும்?"

"சாதாதான். அடுப்பு மாதிரி ஆகும்."

"நல்லாத் தெரியுமா?"

"ஹாஜி சொல்றேன்!"

என் பெண்டாட்டி எவ்வளவு நுணுக்கமாக விசாரிக்கிறாள் என்று அபூ நிஹாத் நினைத்தார். அந்த நினைப்பிலேயே தகட்டின்மேல் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தார். நாலு நிமிஷம் இருக்கும். கடைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த தகடுகள் சடசடவென்று சரிந்து விழுந்த சத்தத்தில் விழித்தார்.

"எந்தப் பச்சை எடுத்தே?"

"பச்சைதான் எடுத்தேன். எழுந்திருங்க."

பச்சைக் கூரை ஏறிய முதல் நாளே அறைக்குள் வைத்த மெழுகுவர்த்தி சலாம் போட்டது. இரண்டாம் நாள் அவருடைய செருப்பு வாசற்படியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு மேலே தட், தட் என்று காலடிச் சத்தம். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். உம்மு ஃபவ்சி கூரைமேல் ஒரு கூடை எலுமிச்சம்பழத்தைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன உம்மு ஃபவ்சி இது?"

"எலுமிச்சை காயப்போடுறேன் அண்ணே. மத்த மாடியில மூணு வாரம் ஆகும். உங்க கூரையில ரெண்டே நாள்ல கறுத்து, குலுக்கினா உள்ளே விதை பேசுது. பரக்கத்தான கூரை, ஆண்டவன் அருள்! நீங்க பாட்டுக்குப் படுங்க. நான் அப்பப்ப வந்து புரட்டிப் போட்டுக்கறேன்."

காய்ந்த எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் அது. மறுக்க முடியுமா? அடுத்த வாரத்துக்குள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கூடையோடு வந்தார்கள். சரியாக இரண்டு மணிக்கு வந்து, நாலு மணிவரை புரட்டினார்கள். வெண்டைக்காயும் வந்தது. ஒருத்தி ஈரத் தலையணையைக் கொண்டுவந்து காயவைத்தாள். கூரைக்கு மேலே தலையணை ஜோராகக் காய, கூரைக்குக் கீழே அபூ நிஹாத் உட்கார்ந்துகொண்டு விசிறியால் காதை விசிறினார்.

துறைமுகத்தில் ஒருநாள் ஒரு லாரிக்கு எழுத வேண்டிய சீட்டைத் தன் பெயருக்கு எழுதி, தன்னையே உள்ளே அனுமதித்து, முத்திரையும் குத்திவிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை இருக்காது என்று அதிகாரி அமைதியாகச் சொன்னார். அதிகாரிகள் கத்தும்போது பயமில்லை. அமைதியாகச் சொன்னால்தான் பயம்.

*

மூன்றாம் தடவை அவர் யாரையும் கலந்துகொள்ளவில்லை. கலந்துகொள்ளத் தெம்பில்லை. நேராக ஹாஜி கடைக்குப் போய், கண்ணை மூடியபடியே கேட்டார்.

"ஹாஜி, விக்கிறதுக்காகச் சொல்லாதீங்க. மௌத்தாகப் போறவன், சாகக் கிடக்கிறவன் கேக்குறான்னு நினைச்சுச் சொல்லுங்க. எது குளுமை?"

ஹாஜி வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கையை வானத்துக்குத் தூக்காமல் பேசினார்.

"வெள்ளை. பளபளப்பில்லாத மங்கல் வெள்ளை. வெயிலைத் திருப்பும், உள்ளே வந்ததையும் வெளியே விட்டுரும். கண்ணு கூசாது, புறாவும் ஏமாறாது. இதுல எனக்கு லாபம் கம்மி, அதனாலதான் கடைசியில சொல்றேன்."

வெள்ளிக்கிழமை, தெருவே தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் பெயின்டர் ஏறி இறங்கிவிட்டான். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வழக்கம்போல ஏசி நின்றது. அபூ நிஹாத் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

நாலு வரவில்லை.

விழித்தபோது மணி நாலரை. தலையணை காய்ந்திருந்தது. உலகத்தில் இவ்வளவு நிறங்கள் இருக்கின்றனவா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். மறுநாளும் தூங்கினார். பத்து நாள் தூங்கினார். கன்னம் உப்பியது. துறைமுகத்தில் லாரிச் சீட்டை லாரிக்கே எழுதினார்.

ஆனால் தெருவுக்கு என்னமோ ஆகிவிட்டது. அபூ தாமிரின் கண்கள் அடுப்புக்கரி மாதிரிச் சிவந்திருந்தன. அவருடைய புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. உம்மு ஃபவ்சி தேநீரில் உப்பைப் போட்டுக் கலக்கினாள். அதைக் குடித்த அவள் புருஷன் நன்றாக இருக்கிறது என்றான்.

"வெக்கையில தூக்கம் வரலையா அபூ தாமிர்?" என்று அபூ நிஹாத் பரிவோடு விசாரித்தார். பட்டவருக்குத்தானே வலி தெரியும். "நான் சொல்றதைக் கேளுங்க. மங்கல் வெள்ளை அடிங்க."

"அடிச்சா சத்தம் குறையுமா?"

"என்ன சத்தம்?"

அபூ தாமிர் சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டார். "வெயில் சத்தம்," என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

வீட்டில் உம்மு நிஹாத் காதில் பஞ்சு வைத்திருந்தாள். கேட்டால் சளி என்றாள். எதைக் கேட்டாலும் சளி என்றாள்.

பாவம், தெருவே நோயில் விழுந்திருக்கிறது என்று வருத்தப்பட்டபடி, புத்துணர்ச்சியோடு அபூ நிஹாத் கொட்டகைக்கு நடந்தார். ஷன்ஷூலைப் பார்த்துத் திடுக்கிட்டார். தொப்பையைக் காணோம். சட்டை அவன்மேல் கொடியில் காயப்போட்ட மாதிரித் தொங்கியது.

"ஷன்ஷூல், நல்ல சேதி. எங்க வீட்டு ஏசி லைனைக் கழட்டிரு. இனிமே தேவையில்லை. எல்லாம் கூரை பாத்துக்குது."

"ஐயோ அண்ணே, கழட்டச் சொல்லாதீங்க!" ஷன்ஷூல் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "என் வயித்துல அடிச்சிராதீங்க. பத்து நாளா வெறும் ரொட்டிதான்."

"ஏன், தட்டெல்லாம் என்னாச்சு?"

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும். ஷன்ஷூலுக்கு முதலில் பறந்தது ரகசியம்.

"தட்டு எப்படிண்ணே வரும்? அந்தத் தகரத்துக்குக் கீழே நீங்க குறட்டை விட்டா தெருவுல ஒரு ஜன்னல் நிக்காது. ரெண்டு மணிக்கு உங்க சுவிட்சை மட்டும் இறக்கத்தானே எனக்கு முறைபோட்டுச் சோறு வந்துச்சு! இப்ப இறக்கினாலும் தூங்குறீங்க. அப்புறம் எவன் போடுவான்?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் எல்லா சுவிட்சும் மேலே இருந்தன. ஒன்றே ஒன்று கீழே இருந்தது. அபூ நிஹாத் அதைக் குனிந்து பார்த்தார். வெள்ளி, பச்சை, வெள்ளை என்று மூன்று கூரைகளும் அவர் கண்முன்னால் வரிசையாகப் போயின.

"தெருவே சேர்ந்து இப்படிப் பண்ணுச்சா?" என்று கேட்டார். "நல்லவேளை, என் வீட்டுக்காரிக்குத் தெரியாது. தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிருவா."

ஷன்ஷூல் எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னான்:

"என்னண்ணே சொல்றீங்க? செவ்வாய்க்கிழமை மீன் சோறு உங்க வீட்டு முறைதானே!"