பல் உறைக்கு ஆயுத பூசை

கொரட்டூர்,
விஜயதசமி, மாலை.

என் முன்பற்களுக்கு அடுத்தபடியாக எப்போதும் எனக்கு முன்னால் நிற்கும் அக்கா வேம்புலியம்மாளுக்கு,

தம்பி துலுக்கானம் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரி ஜோதிகாவும் உன் மருமகள் மதிவதனியும் சௌக்கியம். அரக்கோணத்தில் நீயும் மாமாவும் அவர் முட்டிவலியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சம்பந்தி வீட்டாரும் இருப்பதால் இதைத் தபாலில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஐம்பத்தோரு வயதில் நான் பல்லை நேராக்கிக்கொள்ளப் போகிறேன். சிரிக்காதே. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. திருமழிசையில் பெரியப்பா மகன் கல்யாணத்தில் போட்டோக்காரர் 'ரெடி' என்றதும் நீ என் கையைக் கிள்ளி, "வாய மூட்றா, பல்லு தெரியுது" என்றாய். எனக்கு அப்போது பத்து வயது. அன்றைக்கு மூடியதுதான். என் கல்யாண ஆல்பத்தில் நூற்றுப்பன்னிரண்டு படத்திலும் பல்வலிக்காரன் மாதிரி நிற்கிறேன். அடுத்த மாதம் மதிவதனிக்குக் கல்யாணம், இருப்பது ஒரே பெண், அவள் பக்கத்தில் நின்று ஒரு படத்திலாவது வாயைத் திறந்து சிரிக்க வேண்டும் அக்கா, எனக்கு வேறு ஆசை இல்லை.

பூந்தமல்லியில் ரூஹி என்று ஒரு பல் டாக்டரம்மா. அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, பல்லிலேயே ஒட்டிக் கம்பி கட்டும் இரும்புக் கிளிப். இன்னொன்று, கழற்றி மாட்டுகிற, கண்ணாடி மாதிரி இருப்பதால் வெளியே தெரியாத உறை. எதைப் போட்டாலும் பல் நிமிர ஒன்றரை வருஷம் ஆகுமாம். "அடுத்த மாசத்துக்குள்ள முடியாதாம்மா?" என்றேன். "சார், இது பல்லு. பந்தக்கால் இல்ல, ஒரே நாள்ல நிமித்தி நடறதுக்கு" என்றார். கிளிப் போட்டால் கல்யாணத்தன்று வாயெல்லாம் இரும்பு, உறை போட்டால் அது தெரியாது, ஆனால் பல் தெரியும், இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் உறையே மரியாதை என்று கேட்டேன். ஒரு வாரம் போட்டுப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் கிளிப்புக்கு மாறலாம் என்று மாதிரிக்கு ஒன்று கொடுத்தார். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் வாயில் இருக்க வேண்டும், சாப்பாட்டுக்கும் டீக்கும் மட்டும்தான் கழற்றலாம் என்றார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியில் ஒரு நாளைக்கு ஐந்து டீ என்பது அந்தம்மாவுக்குத் தெரியாது. இரண்டாவது டீக்குக் கழற்றி, சுத்தமான இடமாயிற்றே என்று சுலைமான் மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். சுலைமான் கம்பெனியில் செய்த பாகங்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்டர், அவன் மேஜைக்கு வந்த எதையும் இருபது வருஷமாக அளக்காமல் விட்டதில்லை. திரும்பி வந்தால் உறை ரிஜெக்ட் டப்பாவில் கிடக்கிறது, மேலே சிவப்புப் பெயிண்ட்.

"இன்னா சுலைமான் இது?"

"எந்த கம்பெனி பீஸ் அண்ணாத்தே? முன்னால ரெண்டு மில்லிமீட்டர் வெளிய வந்துகினு கீது. பாஸ் ஆவாது."

"யோவ், அது என் பல்லு அளவுய்யா!"

"அப்போ பல்லுதான் ரிஜெக்ட்."

பெயிண்டைக் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைத்துக் கொடுத்தான். சோப்புப் போட்டு ஏழு தடவை கழுவியும், அன்று முழுக்க எனக்கு வாயில் பெயிண்ட் கடை வாசனை.

இதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று ஆயுத பூசை. காபிக்காகக் கழற்றிக் குழாயடியில் வைத்த உறையைக் காணோம். வீடெல்லாம் தேடிவிட்டுப் பூசை இடத்தைப் பார்த்தால், ஸ்பேனருக்கும் அரிவாள்மனைக்கும் நடுவில் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப்பூவோடு உட்கார்ந்திருக்கிறது!

"ஏ ஜோதிகா, இது வாய்ல போட்றது!"

"இருக்கட்டுமே. பல்லைப் புடிச்சுத் தள்ளுதுன்னு நீதான சொன்னே? வேலை செய்யற சாமான்தான? கற்பூரம் காட்டியாச்சு, இனிமே நாளைக்கிப் பூசை போட்டுதான் எடுக்கணும்."

வண்டிச் சாவியைக்கூட எடுக்கக் கூடாது என்று வருஷா வருஷம் சட்டம் பேசுகிறவனே நான்தான். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, "உறை சாமிகிட்ட கீதும்மா" என்றேன். "எப்ப திருப்பித் தருவாராம் சார்?" என்று கேட்டார்.

இன்று காலையில்தான் சாமி கொடுத்தார். அவசரத்தில் சரியாகக் கழுவாமல் மாட்டிவிட்டேன். கழற்றினால் முன்பல் எல்லாம் குங்குமச் சிவப்பு. பார்த்த மதிவதனி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்ய, அம்மனே எறங்கி வந்த மாரி கீறியே!" என்று ஜோதிகா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் வந்துவிட்டது.

ஆகவே அக்கா, கிளிப்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அதை யாரும் ரிஜெக்ட் டப்பாவில் போட முடியாது. ஜோதிகா மட்டும், "அடுத்த வருசம் ஒன்னையே ஸ்பேனர் பக்கத்துல குந்த வெச்சுப் பொட்டு வெப்பேன், மறுநா வரிக்கும் எந்திரிக்கக் கூடாது" என்கிறாள். பரவாயில்லை, ஒரு நாள் ஓய்வு. திங்கட்கிழமை மாட்டிக்கொள்கிறேன். கல்யாணத்தில் எப்போதும்போல வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், பழக்கம்தானே. மனசுக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

மாமாவின் முட்டியை விசாரித்ததாகச் சொல். உன் ஆசீர்வாதத்தைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டு வா.

இப்படிக்கு,
உன் தம்பி
துலுக்கானம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது மதிவதனி வந்தாள். கல்யாண பேனர் அடித்தாகிவிட்டதாம், பத்தடிக்கு எட்டடி. பெண்ணின் அப்பா என்று, காலையில் நான் சிரித்தபோது எனக்குத் தெரியாமல் செல்லில் எடுத்த என் படத்தைப் போட்டிருக்கிறாள். வாய் முழுக்கத் திறந்து, ஒவ்வொரு பல்லும் அரையடி, குங்குமத்தோடு. "வேற போட்டோ கெடைக்கலியாம்மா?" என்று கத்தினேன். "எல்லாத்தையும் தேடிட்டேம்ப்பா. நீ சிரிக்கிற போட்டோ இது ஒண்ணுதான் கீது" என்றாள். அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். கிளிப்பும் வேண்டாம், உறையும் வேண்டாம் என்று டாக்டரம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். பேனரில் என் பக்கத்தில் நீயும் இருக்கிறாய் அக்கா, வாயை இறுக்கி மூடிக்கொண்டு. கல்யாணத்தில் போட்டோக்காரர் 'ரெடி' என்றதும் இந்தத் தடவை நான் உன்னைக் கிள்ளுவேன். வாயைத் திறந்து சிரிக்கணும், சொல்லிட்டேன்.