பல்டாக்டர் பேரிங்குக்குக் கிரீஸ் வைத்த படலம்

வாழி, வெள்ளங்கி களைந்து கிழிந்த பனியன் பூண்ட வீரன்! வாழி, எண்ணற்ற கடைவாய்ப் பற்களை வேரோடு பறித்தும் தளராத திண்டோளன்! முன்னோர் எவரும் முயலாத, பின்னோர் எவரும் விசாரிக்கப்போகாத பெருஞ்செயலொன்றைப் பாடப் புகுந்தோம். மசகுக்கென ஒரு தெய்வம் இருக்குமாயின், அது எம் நாவில் வழுக்காமல் வந்து அமர்வதாக. அச்செயலாவது: பல்டாக்டர் தம் பழைய காரின் முன்சக்கரங்களுக்குக் கிரீஸ் வைத்தார்.

அந்தக் காரோ, அவர் பிறக்குமுன்னே பிறந்து, இளநீல மேனியும் குரோமியப் புன்னகையும் குலையாதிருந்த பேரழகி. நாலடி நகர்ந்தாலோ முன்சக்கரங்களிலிருந்து மதங்கொண்ட களிறு பிளிறும். அப்பிளிறல் பொறாது அவர் மனைவி பிறப்பித்த ஆணை பின்வருமாறு:

"ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வீட்டுக்கு இதுலதான் போறோம். வழியில நின்னுச்சு, திங்கக்கிழமை எடைக்குப் போட்டுடுவேன். அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

எடைக்குப் போவதைக்கூட மனம் ஒருவாறு தாங்கும். தாங்காதது சகலையின் முகம். புத்தம்புதுக் கார் வைத்திருக்கும் அந்த மாபாதகர் சென்றமுறை தெரு முழுக்கக் கேட்கும்படி, "என்ன சகலை, ஓட்டிட்டு வந்தீங்களா, தள்ளிட்டு வந்தீங்களா?" என்று முழங்கியது பல்டாக்டரின் நெஞ்சில் சொத்தைப் பல்லாய் இன்னும் குடைந்துகொண்டிருந்தது.

ஆதலால் மூண்டது, எந்தக் கிரீஸ் சிறந்ததெனத் தேரும் பெரும்போர். பழங்கார் நண்பர் குழு, செங்கிரீஸ் சேனை என்றும் கருங்கிரீஸ் சேனை என்றும் இரண்டாய்ப் பிளந்து, கைபேசிதோறும் சொல்லம்பு மாரி பொழிய, இருபது வருடத் தோழர்கள் இருவர் ஒருவரையொருவர் குழுவிலிருந்து நீக்கி வீழ்ந்தனர். அப்பிணக்குவியலைத் தாண்டி உதிரிபாகக் கடையை அடைந்த நம் நாயகன், டப்பா டப்பாவாகத் திறந்து, தேனீயினும் நுண்ணிதாய் மணம் ஆய்ந்து, விரலிடை தேய்த்து, கண்மூடித் தியானித்தார்.

"அண்ணே, வாங்குறீங்களா, இல்ல மூடியக் குடுக்குறீங்களா? பின்னால ஆளுங்க நிக்கிறாங்க," என்றார் கடைக்காரர்.

வென்றது செங்கிரீஸ். 'வெந்நீருக்குக் கரையாது, வெயிலுக்கு உருகாது, ஒட்டினால் விடாது' என்று டப்பாவே மெய்க்கீர்த்தி பாடியது.

ஞாயிறு புலர்ந்தது. ஜாக்கி தாங்க மங்கை மேலெழுந்தாள்; சக்கரம் வீழ்ந்தது; உள்ளிருந்து வெளிப்பட்ட பேரிங்கின் உருளைகளில், பல முதலாளிகள் கண்ட பழைய கிரீஸ் மஞ்சள் காறையாய் இறுகியிருக்கக் கண்ட பல்டாக்டர் சினந்து, மண்ணெண்ணெய் முழுவதையும் கவிழ்த்து அதை நீராட்டி, பற்காறை எடுக்கும் தம் கொக்கியாலேயே உருளைக்கு உருளை சுரண்டினார். பழக்கதோஷத்தில் ஒருமுறை, "வாய நல்லாத் திறங்க," என்றும் அதனிடம் கூறினார்.

ஷெட் வாசலில் மனைவி வந்து நின்றார். "ஏங்க, உங்க கிளினிக் கிளவுஸ் பெட்டி பெட்டியாக் கிடக்கு. மாட்டிக்கிட்டுச் செய்யுங்க."

வெகுண்டெழுந்து பிரகடனம் செய்தார் வீரர்: "ஊரான் வாய்க்குத்தான் உறை! என் வண்டிக்கு வெறுங்கை!"

என்றுரைத்து, உள்ளங்கையில் செங்கிரீஸை மலையெனக் குவித்து, பேரிங்கின் விளிம்பால் அம்மலையை அறுத்தறுத்து அழுத்த, உருளைகளின் இடுக்குதோறும் புகுந்த மசகு மறுபுறம் செம்மணிச் சரமாய்ப் பிதுங்க, அது கண்டு மெய்சிலிர்த்து, மூக்கில் அரிப்பெடுத்துச் சொறிந்து, மீண்டும் அழுத்தி, இரு சக்கரங்களையும் பூட்டிச் சுழற்றியபோது, ஆகா, ஓசையே இல்லை! களிறு அடங்கிற்று. சகலை தொலைந்தார். கண்ணீர் மல்கியது வீரருக்கு. துடைத்ததில் கன்னமும் சிவந்தது.

பின்னர்க் குழாயடியில் தொடங்கியது இரண்டாம் போர். குளியல் சோப்பு தோற்றது. துணி சோப்பு தோற்றது. பாத்திரப் பொடி தோலைத் தின்றதேயன்றிச் செம்மையைத் தொடவில்லை. மண்ணெண்ணெயோ ஒரு சொட்டும் மிச்சமில்லை. டப்பா சொன்ன சொல் தவறவில்லை. கார்க் கதவின் கைப்பிடியை அவர் பற்ற, அது விரால் மீனாய் நழுவியது.

"தள்ளுங்க. ஸ்டீயரிங்க தொட்டீங்கன்னா எங்கயாச்சும் போய் முட்டுவோம்," என்று சாவியை எடுத்துக்கொண்டார் மனைவி.

கார் எங்கும் நிற்காமல், சத்தமே போடாமல், நன்றாகத்தான் ஓடியது. பல்டாக்டர் பின்சீட்டில் பழைய செய்தித்தாளின் மேல் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்து போனார். அவர் இறங்குவதற்குக் கதவைச் சகலைதான் திறந்துவிட்டார்.