வெந்தயம் போட்ட ஜீப்

கூச்ச சுபாவம் உள்ளவர்களை எல்லோரும் நல்லவர்கள் என்று நம்பிவிடுகிறார்கள். அது தப்பு. வாயாடி ஒருத்தி தப்புச் செய்தால் அன்று சாயங்காலத்துக்குள் அவள் வாயாலேயே வெளியே வந்துவிடும். என்னைப் போல வாயே திறக்காதவள் செய்தால் அது உள்ளேயே கிடந்து ஊறி, ஊரைக் கூட்டிக்கொண்டுதான் வெளியே வரும். என்னுடையது மேளதாளத்தோடு வந்தது.

எனக்குப் படிப்பு ஐந்தாவது வரைதான். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நேரே புனே லோஹேகாவுக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் விமானப்படையில் ஸ்டோர்ஸ் பிரிவு. விமானத்துக்கு வேண்டிய போல்ட்டு, நட்டு எதுவானாலும் அவர் கையெழுத்தில்லாமல் வெளியே போகாது. முப்பது வருடம் எடுத்து எடுத்துக் கொடுத்தவர், ஒரு போல்ட்டையாவது திருகினதில்லை. ஓய்வு பெற்றதும் அந்த ஆசை பொங்கிக்கொண்டு வந்தது. வாகோலி தாண்டி ஒரு விவசாயியின் வெங்காயக் கொட்டகையில் கிடந்த பழைய ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து வாசலில் நிறுத்தினார். துரு நிறத்தில் ஒரு வண்டி. உள்ளே வெங்காயச் சருகு.

"இன்னாங்க இது?"

"ஃபோர் வீல் டிரைவ்மே. நாலு சக்கரமும் இழுக்கும். மலைமேல ஏறும்."

"எந்த மலைங்க?"

"எந்த மலையா இருந்தா இன்னா?"

அன்றைக்கு அந்த வண்டியில் நாலு சக்கரம்கூட இல்லை. மூன்றுதான் இருந்தது.

இஞ்சினை மட்டும் ஹடப்சரில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தோம். மற்றதெல்லாம் நாங்களே. அவர் செல்போனில் வீடியோ பார்த்து எனக்குச் சொல்லுவார். நான் செய்வேன். துரு எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, அடிப்பிடித்த குண்டானைத் தேய்ப்பதுதான். குண்டான் கொஞ்சம் பெரிசு. கம்பி பிரஷ், உப்புத்தாள், மண்ணெண்ணெய். சின்னச் சின்ன போல்ட்டுகளைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி வந்தன. எட்டு மாதத்தில் என் கை உப்புத்தாள் ஆகிவிட்டது, ஜீப் வழவழப்பாகிவிட்டது. ராணுவப் பச்சை அடிக்க அவருக்கு ஆசை. தனியார் வண்டிக்கு அது கூடாதாம். பாட்டில் பச்சை அடித்துவிட்டு, இருட்டில் பார்த்தால் ராணுவப் பச்சைதான் என்று சொல்லிக்கொண்டார்.

மிச்சம் ஒரே ஒரு வேலை. டிரைவர் பக்கத்துத் தரைக்கு அந்த விவசாயியே தகடு வைத்திருந்தார். இடது பக்கம், கால் வைக்கிற இடம், முழுக்கச் சல்லடை. குனிந்து பார்த்தால் கீழே எறும்பு வரிசை தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மகள் ரேவதிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை கார்த்திக், ஆறடி உயரம், கம்ப்யூட்டர் வேலை. கோயம்புத்தூர்க்காரர்கள், புனேயிலேயே வாகட்டில் வீடு. வைகாசியில் முகூர்த்தம். பத்திரிகை வைக்க என் வீட்டுக்காரர் பத்து நாள் ஊருக்குக் கிளம்பினார். போகும்போது என்னிடம் ஒரு வேலை சொன்னார்.

"முனையில இருக்கான் பாரு வெல்டிங் கடைக்காரன், அவனாண்ட போய்ச் சொல்லு. தகடு வெட்டி அடிச்சிட்டுப் பூடுவான். நான் வரச் சொல்ல பெயின்ட்டுகூட காய்ஞ்சிருக்கணும்."

"நானாங்க போய்ச் சொல்லணும்?"

"பின்ன, ஜீப்பா போய்ச் சொல்லும்?"

முதல் நாள் போனேன். கடையில் ஐந்தாறு ஆண்கள். தீப்பொறி பறந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் நின்று, சொல்ல வேண்டிய மராத்தியை மனசுக்குள் பத்து தரம் ஓட்டிப் பார்த்தேன். 'தாதா, பத்ரா லாவாய்ச்சா ஆஹே.' அண்ணா, தகடு வைக்கணும். அவ்வளவுதான். கடைக்காரர் முகத்திலிருந்த மூடியைத் தூக்கிவிட்டு, "காய் பாஹிஜே, மாவ்ஷி?" என்று கேட்டார். என்ன வேணும் சித்தி என்று எவ்வளவு மரியாதையாகக் கேட்டார்! ஐந்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோத்திம்பீர்," என்றேன்.

பக்கத்திலேயே காய்கறி வண்டி நின்றது என் அதிர்ஷ்டம். கொத்துமல்லி ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளும் போனேன், மறுநாளும் கொத்துமல்லி. மூன்றாம் நாள் என்னைக் கண்டதும் கடைக்காரரே, "மாவ்ஷி, இன்னிக்குக் கொத்துமல்லி வண்டி வரலை" என்று மராத்தியில் சொல்லி வருத்தப்பட்டார். அதற்குமேல் எப்படித் தகடு என்று பேச்சை மாற்றுவது?

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது முறம் கண்ணில் பட்டது.

எங்கள் பக்கத்தில் முறம், கூடை ஓட்டை விழுந்தால் யாரும் தூக்கிப் போடமாட்டோம். பழைய காகிதத்தை ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்துக் கூழாக அரைத்து, மேலே பூசிக் காயவைப்போம். வருடக்கணக்கில் நிற்கும். ஜீப் மட்டும் என்ன, சக்கரம் வைத்த முறம்தானே? (அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.) அவர் வரும்வரை ஒரு மறைப்பு, வந்ததும் அவரே போய்ச் சொல்லித் தகடு அடித்துக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஓட்டைகளின் மேல் கோணியை விரித்தேன். நான்கு நாள் கிரைண்டர் ஓடியது. மூன்று பூச்சு. மேலே வழவழப்பு வரவேண்டும் என்று, கிழித்து வைத்திருந்த தினசரி காலண்டர் தாள்களை வரிசையாக ஒட்டினேன். புனே வெயிலில் காய்ந்து கருங்கல் மாதிரி ஆனது. பாட்டில் பச்சை அடித்தேன். எனக்கே இரும்பு என்றுதான் தோன்றியது.

அவர் வந்தார். பெட்டியை வைக்கும் முன் ஜீப்பிடம் போனார். குனிந்து விரலால் தட்டினார். டொக் டொக் என்றது.

"ஏ அம்மே! இன்னா வேலைமே! ஜாயின்ட்டே தெரியல. கூட நின்னு செய்ய வச்சியா?"

முப்பத்தைந்து வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. சாம்பாரைக்கூட 'பரவால்ல' என்பதோடு நிறுத்திவிடுகிற மனிதர். நான் தலையை ஆட்டினேன். (தலையாட்டுவதும் பொய்தான் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. ஆறாம் வகுப்புப் பாடமோ என்னவோ.)

"நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்" என்று நினைத்துக்கொண்டு காபி போடப் போனேன். பின்னாலேயே வந்தார்.

"மாப்ள அழைப்பு நம்ம ஜீப்புலதான். சம்பந்தியாண்ட பேசிட்டேன். மாப்ள எம் பக்கத்துல, முன் சீட்ல."

அடுப்பில் பால் பொங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஏங்க, நல்லதா ஒரு கார் வச்சிக்கலாமே."

"காரா? ஊரு பூரா சொல்லிட்டு வந்துருக்கேன், ஜீப்புனு."

அதற்குப் பிறகு மூன்று வாரம், தினமும் காலையில் சொல்லிவிடுவது என்று எழுந்திருப்பேன். அவர் அதற்குள் அக்கம்பக்கத்தில் யாரையாவது கூட்டிவந்து இடது பக்கத் தரையைத் தட்டிக் காட்டிக்கொண்டிருப்பார். ஒரு சர்தார்ஜி குனிந்து பார்த்துவிட்டு, இப்படியொரு வெல்டரைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்றார். அது உண்மைதான்.

பேச முடியாதவள் பலகை வைக்கலாம் அல்லவா? கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், கொலுப் படிப் பலகை ஒன்றை அந்த இடத்தில் போட்டு, மேலே சிவப்பு ஜமுக்காளம் விரித்து வைத்தேன். மனசு கொஞ்சம் அடங்கியது. பூ வாங்கிக்கொண்டு திரும்பினால், பலகை வாசலில் கிடக்கிறது. அவர் ஓஸ் பைப்பைப் பிடித்து ஜீப்புக்குள்ளே தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"மாப்ள ஆறடி இருக்காரு. கால் நீட்ட வாணாமா? பலகைய போட்டு வச்சிருக்க!"

தரை தண்ணீரைக் குடிப்பதை நான் பார்த்தேன். இரும்பு குடிக்காது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "துடைச்சிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து கல்யாண மண்டபம்வரை ஊர்வலம். இரண்டு தெரு தூரம்தான். முன்னால் நாதஸ்வரம், அதற்கும் முன்னால் புனேவின் டோல்-தாஷா மேளம். மேல்மூடி இல்லாத ஜீப், செவ்வந்தி மாலை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அணிவகுப்பில் போகிறவர் மாதிரி நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை கோட்டு சூட்டில் பக்கத்தில். நான் ஆரத்தித் தட்டோடு இடது பக்கமாகவே, மாப்பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சம்பந்தி அம்மா என்னோடு வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, எங்கியோ வெந்தய வாசம் வருதுங்களே?"

"சமையல்கட்டுல இருந்து வரும்ங்க," என்றேன். (மண்டபம் அடுத்த தெருவில் இருந்தது.)

பாதி வழியில் போட்டோக்காரர் குறுக்கே ஓடிவந்தார். "நவரதேவ்! உபே ராஹா! ஹாத் தாக்வா!" மாப்பிள்ளையை எழுந்து நின்று கை காட்டச் சொன்னார்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். ஆனால் உயரம் கூடவில்லை.

எழுந்த அளவுக்கு அவர் தரையோடு கீழே இறங்கியிருந்தார். அவசரம் இல்லாமல், சேற்றில் இறங்குவது மாதிரி. கை மட்டும் மேலே ஆடிக்கொண்டிருந்தது. போட்டோக்காரர் திருப்தியாக விலகினார். ஜீப் நகர்ந்தது. மாப்பிள்ளை முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் காலூன்றி, ஜீப்புக்குள்ளேயே நடந்து வந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு அன்றைக்கு இரண்டு கால்களும் துணை.

மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, அந்தப் பிள்ளைக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"தம்பி..." என்றேன். மேலே வரவில்லை.

"ஒன்னுமில்லீங்க அத்தை. நீங்களும் நடக்கறீங்க, நானும் நடக்கறேன். மெதுவாத்தானே போறாங்க."

அப்படியே மண்டபம்வரை போய்ச் சேர்ந்திருப்போம். தெருவோரம் நின்ற யாரோ, "அரே, நவரதேவ் சாலத்தோய்!" என்று கத்தினார்கள். மாப்பிள்ளை நடக்கிறாராம். எல்லோரும் குனிந்தார்கள். டோல் அடிக்கிறவர்கள் மாப்பிள்ளையின் காலைப் பார்த்து அதற்குத் தகுந்தபடி தாளத்தை மாற்றினார்கள். என் வீட்டுக்காரர் ஆரவாரமெல்லாம் ஜீப்புக்கு என்று நினைத்து ஹாரன் அடித்தார்.

"வண்டிய நிறுத்துங்க!" மாப்பிள்ளையின் பெரியப்பா குறுக்கே வந்து நின்றார். நாலு பேர் சேர்ந்து மாப்பிள்ளையைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். ஷூவோடு தரையும் ஒரு முழம் வந்தது. பெரியப்பா அதைப் பிடுங்கிப் பிரித்தார். பாட்டில் பச்சைக்கு அடியில் தாள்.

"என்னங்க இது? பேப்பரா? எங்க பையனைப் பேப்பர் மேல நிக்கவெச்சுக் கூட்டிட்டு வர்றீங்களா? இதுதான் உங்கூட்டு மரியாதைங்களா?"

"வெல்டிங் பண்ண தகடுங்க அது! கடையில குடுத்துப் பண்ணது!" என் வீட்டுக்காரர் இறங்கி வந்து பெரியப்பாவுக்குச் சமமாகச் சத்தம் போட்டார்.

"தகட்டுல ராகுகாலம் போட்டிருக்குதுங்களே!"

அவர் வாங்கிப் பார்த்தார். தமிழ் காலண்டர் தாள். எங்கள் வீட்டில் நான் தினமும் கிழிப்பது. கொஞ்ச நேரம் அதையே படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாதஸ்வரம் நின்றுவிட்டது. பெரியப்பா, "எல்லாரும் திரும்புங்க, உக்காந்து பேசிட்டு அப்புறம் மண்டபத்துக்குப் போகலாம்" என்றார். மண்டபத்தில் ரேவதி தலையில் பூ வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் கல்யாணம் என் கூழில் ஊறிக்கொண்டு நின்றது.

பேசினேன். இருநூறு பேர் முன்னால், டோல்காரர்கள் உள்பட.

"அவருக்குத் தெரியாதுங்க. நான்தான் பண்ணேன். கடையில போய்ச் சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சி. முறத்துக்குப் பூசற மாதிரி வெந்தயம் போட்டு அரைச்சிப் பூசிட்டேன். நல்லா இருக்குதுன்னு அவரு சொன்னாரா... அப்புறம் சொல்ல வாய் வரலீங்க."

தட்டு சாய்ந்துவிட்டது. ஆரத்தி என் புடவையிலேயே பாதி கொட்டியது. சம்பந்தி அம்மா முன்னால் வந்தார். அந்தத் துண்டை வாங்கி, உடைத்து, முகர்ந்து பார்த்தார்.

"கோணி அடியில குடுத்தீங்களா?"

"குடுத்தேன்ங்க."

"எத்தனை பூச்சு?"

"மூணுங்க."

"வெந்தயம் பத்தாதுங்க சம்பந்தி. புளியங்கொட்டைய வறுத்து, தொலி நீக்கி, ஊறவெச்சு அரைச்சுச் சேத்தணும். அப்புறம் தண்ணிக்கு இவ்வளவு சீக்கிரம் இளகாது."

"ஏம்மா, இங்க பேச்சு என்ன நடக்குது, நீ..." என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க மாமா. எங்கம்மா இதுல நெல்லுக்கூடையே பண்ணுச்சு. ஒரு ஆள் ஏறி நின்னாலும் அசையாது." அப்புறம் மகனைப் பார்த்தார். "கால்ல அடி பட்டுச்சாடா?"

"இல்லம்மா. ஷூலதான் கொஞ்சம் கூழ்."

"அப்பறம் என்ன? மிச்சத்தையும் நடந்துட்டு வா. இவ்வளவு தூரம் வந்தவனுக்கு அது முடியாதா?"

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு டோல் ஆரம்பித்துவிட்டது. பெரியப்பாவின் குரல் அதில் அமுங்கிப்போய்விட்டது. மாப்பிள்ளை எல்லோருக்கும் முன்னால் நடந்தார். பின்னால் காலி ஜீப்பை, மாலை போட்டபடி, என் வீட்டுக்காரர் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. ஜீப்புக்கு இப்போது அசல் தகடு. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை கையசைக்கிற படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும், உட்கார்ந்தபடி கை காட்டுகிறார் என்றுதான் நினைக்கிறார்கள். "நிக்கிறேனுங்க," என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்லாமல் மாப்பிள்ளை ஆல்பத்தை மூடுவதில்லை.

சம்பந்தி அம்மா கோயம்புத்தூர் போய் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பை வரும். சேலை, சிப்ஸ், அடியில் ஒரு பொட்டலம் வறுத்த புளியங்கொட்டை. மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும்: 'சம்பந்திக்கு. அடுத்த வண்டிக்கு.'