பதினாலு பேர் கேட்ட வாட்டர் பம்ப்

"மஞ்சத்தூள் டப்பா எங்கங்க?" என்று மனைவி விஜி கேட்டபோது மஞ்சள்தூள் முழுவதும் காரின் ரேடியேட்டருக்குள் இருந்தது.

"ஓட்டைய அதுவே அடைச்சுக்கும் சார்" என்று தொழிற்சாலையில் பக்கத்து மேசை வெங்கட் சொல்லியிருந்தான். பரந்தாமன் கால் கிலோ கொட்டினார். ஒழுகல் நின்றது. அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் காரும் நின்றது. முன்பக்கம் புகை கிளம்பியது. கீழே மஞ்சள் தண்ணீர் ஓடியது.

"இன்னா அண்ணாத்தே, எந்த அம்மனுக்கு வேண்டுதல்?" என்றார் பக்கத்து ஆட்டோக்காரர்.

கொரட்டூர் மெக்கானிக் பாண்டியன் இரண்டு நாள் ரேடியேட்டரைக் கழுவினான்.

"ரேடியேட்டர் சோக்காத்தான் கீது சார். ஒழுகுனது வாட்டர் பம்பு. லேசாத்தான் ஒழுகிகினு இருந்துச்சு. நீ மஞ்சத்தூள் போட்டு அதையும் சுத்தமா முடிச்சுட்ட."

"புதுசு போட்டுடு."

"எங்கேர்ந்து? இந்த வண்டி செஞ்ச கம்பெனிய மூடியே இருவது வருசம் ஆவுது."

கார் கயிறு கட்டி வெள்ளானூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பால்காரர் பானட்டைச் சுற்றி வந்தார். குப்பை வண்டி வராமலே போனது.

விஜி கெடு வைத்தாள். "ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணி. அதுக்குள்ள வண்டி தானா நகரணும். இல்லேன்னா நான் நகர்த்துவேன்."

இருபத்தாறு வருடமாக அந்த வீட்டில் பரந்தாமன் திருப்பிய பக்கம் திரும்பிய ஒரே பொருள் அந்தக் கார்தான்.

திங்கட்கிழமை ஆவடியில் ஒரு பழைய பார்ட்ஸ் கடையில் கேட்டார். "பாத்து சொல்றோம்" என்றார்கள். அந்த இரண்டு சொல்லை நம்பி ஒரு வாரத்தை வீணாக்க அவர் தயாராக இல்லை. அன்று மாலைக்குள் இன்னும் நான்கு கடைகளில் சொல்லி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை அவருக்குத் தந்திரம் ஒன்று தோன்றியது. ஒரே ஆள் அலைந்தால் அவசரம் என்று கடைக்காரன் மோப்பம் பிடித்துவிடுவான். அதனால் செக்‌ஷனில் ஆளுக்கொரு கடைக்குப் போன் போடச் சொன்னார். வெங்கட் தன் மாமனாருக்கு என்று கேட்டான். கேண்டீன் ரேவதி தம்பிக்கு என்று கேட்டாள். ஒருவர் தெலுங்கில் கேட்டார். மொத்தம் பதினாலு பேர்.

வியாழக்கிழமை பாண்டியன் போன் செய்தான்.

"சார், ஒரே ஒரு பீஸ் கீதாம். யாருகிட்டன்னு ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்றான். எல்லாக் கடைக்காரனும் அந்த ஒரே ஆளத்தான் கேட்டுகினு கீறானுங்க. போன வாரம் கேட்டிருந்தா சும்மாவே தூக்கிப் போட்டிருப்பானாம். இப்ப இந்தப் பம்புக்குத் திடீர்னு செம கிராக்கியாம்."

"யாருய்யா அது, எனக்குப் போட்டியா?"

"தெர்ல சார். ஆவடிப் பக்கம் பெரிய கும்பலே சுத்துதாம்."

பரந்தாமனுக்கு ரத்தம் கொதித்தது. ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன திமிர்! அந்தக் கும்பலை முந்த, பெயிண்ட் ஷாப் ஆட்கள் ஆறு பேரையும் போன் போட வைத்தார்.

சனிக்கிழமை இரவு பாண்டியனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பூந்தமல்லி குணசேகரன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே பரந்தாமன் கொரட்டூர் போய்விட்டார். பம்ப்பைப் பார்த்துச் சொல்லப் பாண்டியன் வேண்டும். பாண்டியனுக்குக் குளியல் வேண்டும், டிபன் வேண்டும், பிறகு இரண்டு டீ வேண்டும். பைக்கில் கிளம்பும்போது பத்தரை. பூந்தமல்லிக்கு முன்னால் மெட்ரோ வேலைக்கு ரோட்டைப் பாதியாக்கியிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு லாரி அச்சு முறிந்து கிடந்தது.

பன்னிரண்டு மணிக்கு விஜி போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. பம்ப்போடு போய் நின்று பேசிக்கொள்ளலாம். அவள் மறுபடி செய்தாள். அவர் போனை சைலண்டில் போட்டார்.

குணசேகரன் கடைக்குள் நுழைந்தபோது மணி மூன்று. நல்ல மனிதர். நாற்காலி போட்டார்.

"அந்த வாட்டர் பம்பு..." என்றார் பரந்தாமன்.

"அட, நீயுமா? எட்டு வருசமா நாய்கூட மோந்து பாக்கல சார். கதவு ஆடாம இருக்க அண்ட குடுத்து வெச்சிருந்தேன். இந்த வாரம் பாத்தா இருவது பேரு! அப்பத்தான் எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சுச்சு. வெறும் பம்ப்புக்கே இந்தக் கூட்டம்னா, ஓடுற வண்டிக்கு எவ்ளோ வரும்? அதான் பம்ப விக்கல. ஒரு வண்டிய வாங்கி மாட்டிட்டேன்."

"இந்த மாடலா? எங்க கெடச்சுது?" என்றார் பரந்தாமன்.

"வா, காட்றேன்."

பின்கட்டில் தார்ப்பாய் மூடிய கார் ஒன்று நின்றது. குணசேகரன் பாயை விலக்காமலே உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முதல் உதறலில் பிடித்துக்கொண்டது. பாண்டியன் குனிந்து அடியில் பார்த்தான்.

"ஒரு சொட்டு ஒழுகல சார்!"

பரந்தாமனுக்குப் பொறாமை பொங்கியது. எவனோ கொடுத்து வைத்தவன். "இவ்வளவு நல்ல வண்டிய எந்த முட்டாள் சார் வித்தான்?"

"எங்க வித்தான்? வித்தது ஒரு அம்மா. வெள்ளானூர்ல இந்த மாடல் ஒண்ணு வாசல அடச்சுகினு நிக்குதுன்னு காதுல விழுந்துச்சு, மத்தியானம் ஆள் அனுப்புனேன், வண்டி அந்தம்மா பேர்ல இருந்துச்சு" என்றார் குணசேகரன். "ஊட்டுக்காரருக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்கன்னா, 'ரெண்டு தபா போன் பண்ணிட்டேன், எடுக்கல'ன்னு சொல்லிட்டு அவங்களே பின்னாடி நின்னு தள்ளி உட்டாங்க!"