சமாதானமாகிப் போன தம்பதி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். நீங்களும் மகளும் நலந்தானே? இங்கே உங்கள் மாமியாருக்குப் பித்தப்பைக் கல்லை எடுத்தாயிற்று. நேற்றிலிருந்து என்னைத் திட்டுகிறாள். தேறிவிட்டாள் என்பதற்கு டாக்டர் சொல்லைவிட அதையே நான் நம்புகிறேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர், உங்களுக்குப் புரியும். புரியாவிட்டால் நான் எழுதிய விதம் சரியில்லை என்று கொள்க.

ஆபரேஷனுக்கு முன் அவள் கேட்டது ஒன்றுதான். "உள்ள கொண்டுபோறப்போ கதவுகிட்ட நில்லுங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போவேன்." நின்றிருப்பேன். அதற்குள் நர்ஸ், "ஐயா, பின்னாடி கட்டடத்துல ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கு, ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். எல்லாச் சுவரும் ஒரே பச்சை, எல்லாக் கதவும் ஒரே வெள்ளை. ஆகவே மனிதர்களையே அடையாளமாக வைத்துக்கொண்டு போனேன். வாயைப் பிளந்து தூங்கும் பருத்தவரிடம் வலது, சண்டை போடும் தம்பதியிடம் இடது. வரும்போது இதெல்லாம் தலைகீழாகும் என்பதையும் மறக்கவில்லை. ரிப்போர்ட்டோடு வந்தால் தம்பதியைக் காணோம். சமாதானமாகிவிட்டார்கள் போலும். நன்றாக இருக்கட்டும்; ஆனால் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். தூங்கியவரோ விழித்துக்கொண்டு வேறொரு திருப்பத்தில் நின்று டீ குடிக்கிறார். அவரிடம் திரும்புவதா, கூடாதா? திரும்பினேன். துணி துவைக்கும் அறை. வெளியே வந்தால் 'ஆபரேஷன் தியேட்டர்' என்று பலகை, மேல்நோக்கி ஓர் அம்பு. மேல்நோக்கி என்றால் நேராகவா, மாடிக்கா? அம்பைச் சந்தேகிக்க நான் யார் என்று மாடி ஏறினேன். தண்ணீர்த் தொட்டி. அப்போதுதான் ஒலிபெருக்கியில், "பித்தப்பை பேஷன்ட்டோட வீட்டுக்காரர் உடனே தியேட்டர் வாசலுக்கு வரவும்!" என் செல்போன் அவள் கைப்பையில். படியில் வந்த ஒருவரிடம் வழி கேட்டேன். "நானும் காலையிலேர்ந்து அதத்தான் தேடுறேன் பெரியவரே, வாங்க, சேர்ந்தே தேடுவோம்" என்றார். கழுத்தை நீட்டி நீட்டி அவள் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதைத் தவிர மனதில் வேறொன்றும் இல்லை. யார் செய்த புண்ணியமோ, நாங்கள் இறங்கிய படிக்கட்டு அங்கேயே கொண்டுபோய் விட்டது. கதவு சாத்தியிருந்தது. மேலே சிவப்பு விளக்கு. ரிப்போர்ட்டை டாக்டர் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிட்டாராம்.

கண் விழித்ததும் அவள், "நீங்க நின்னீங்களே, அதான் தைரியமா போனேன்" என்றாள். கண்ணாடியைக் கழற்றியிருந்தார்கள், வேறு யாருடைய வழுக்கையையோ பார்த்திருக்கிறாள். நானும் தலையாட்டிவிட்டேன். இது நம் இருவரோடு இருக்கட்டும். மகளுக்குக்கூடத் தெரிய வேண்டாம்.

நோய்நொடி அண்டாமல், போகும் வழியெல்லாம் நல்வழியாக, இருவரும் நீடூழி வாழ வாழ்த்தும்,
மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவள் பிடுங்கிப் படித்துவிட்டாள். "கண்ணாடி இல்லன்னா உங்க வழுக்கை எனக்குத் தெரியாதா? அங்க ஒரு ஈ காக்கா இல்ல. உங்கள ரிப்போர்ட் வாங்க அனுப்பிட்டாங்கன்னதுமே, சரி, இனி மனுஷன் வந்த மாதிரிதான்னு நானே உள்ள போயிட்டேன். முழிச்சுப் பாத்தா நீங்க அழுவுற மாதிரி நிக்கிறீங்க. வேற என்னத்தச் சொல்ல?" என்கிறாள். மகளிடம் நீங்கள் எதையும் மறைக்க வேண்டாம். அவளுக்கு நேற்றே போனில் சொல்லியாயிற்றாம்.